வேர்க்குருவோடு ஓடிய ஓட்டம்

உப்பளத்துத் தண்ணீர் வேர்க்குருவில் பட்டால் முதலில் குளிரும். அந்தக் குளிரில் ஏமாந்து மூச்சு விடுவதற்குள் கழுத்திலிருந்து இடுப்பு வரை நெருப்பு வைத்தது போல எரியத் தொடங்கும். பதின்மூன்று வயதில் ஒரு போத்தல் நிறைய அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, என் முதுகில் நானே ஊற்றிக்கொண்டவள் என்பதால் இதை அடித்துச் சொல்கிறேன்.

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில், ஒரு பக்கம் கடல்நீர் தேங்கிய களப்பும் மறுபக்கம் வெங்காயத் தோட்டங்களுமாகக் கிடக்கும் ஊர் எங்களுடையது. இல்ல விளையாட்டுப் போட்டி வருகிறதென்றால் எங்கள் பள்ளிக்கூடம் தலைகீழாகிவிடும். அந்த வருடம் பச்சை இல்லத்துப் பெண்களின் அஞ்சலோட்டத்தில் நான்காவதாக, அதாவது கடைசியாக ஓடும் இடம் எனக்குக் கிடைத்தது. எனக்கு முன்னால் ஓடிவந்து கோலைத் தர வேண்டியவள் என் உயிர்த் தோழி றிஸ்னா. இல்லத்துக்கென்று கொடுத்த முழுக்கைப் பச்சைச் சட்டை நல்ல தடித்த ‘நைலோன்’. அதை நான் பயிற்சிக்கும் போட்டேன், ரியூசனுக்கும் போட்டேன், இரண்டு இரவுகள் அதோடேயே படுத்தும் எழும்பினேன், அவ்வளவு பெருமை எனக்கு.

காற்று விழுந்து ஊரே ‘அவியும்’ மாதம் அது. ஒரு வாரத்துக்குள் கழுத்து, முழங்கை மடிப்பு, முதுகு எல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்துவிட்டது. உம்மாவிடம் காட்டினால் ஓட்டத்தை நிறுத்திவிடுவார் என்று பயந்து றிஸ்னாவிடம் மட்டும் காட்டினேன். அவளுடைய வாப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. உப்பளத்தில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு வேர்க்குருவே வருவதில்லை என்று பெரிய டொக்டர் மாதிரிச் சொன்னவள், மறுநாளே உப்பு வாரிய பாத்தியில் மிஞ்சிய தண்ணீரை எடுத்துவந்து தந்தாள். அங்கே நிற்கிறவர்களின் கால் முழுக்க வெடிப்பும் புண்ணும் என்பது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும், ஆனாலும் அந்த நேரத்தில் ஒருத்திக்கும் அது ஞாபகம் வரவில்லை.

நான் போட்ட சத்தத்தில் உம்மா கதவை உடைக்காத குறை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் கழுத்தைப் பார்த்த விளையாட்டு டீச்சர் இது தொற்றுகிற ‘சின்னமுத்து’ அம்மையாக இருக்கலாம் என்று என்னைத் தனியாக உட்காரவைத்தார். அந்தக் கதை நான் வீடு போய்ச் சேருமுன் நான் மாமி என்று கூப்பிடும் றிஸ்னாவின் உம்மாவின் காதுக்குப் போய்விட்டது. அவர்கள் வீட்டில் றிஸ்னாவுக்கு மூத்தவள், அவளுடைய ராத்தா, பிள்ளை பெற்று நாற்பது நாள் கூட ஆகவில்லை, பச்சைக் குழந்தை இருக்கிற வீடு. என்னைத் தொடக் கூடாது, என் பக்கத்தில் இருக்கவும் கூடாது என்று மாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். இன்று யோசித்தால் அவருடைய பயம் நியாயம்தான். அன்று எனக்கு அவரைக் கண்ணில் காட்டக் கூடாது.

அன்று பின்னேரமே உம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இளம் டொக்டர், சிங்களப் பெண். பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகக் கதைத்தபடி முதுகை வடிவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேர்க்குருதான், ஒருவருக்கும் தொற்றாது, உப்புத் தண்ணீர்தான் அதைப் புண்ணாக்கியிருக்கிறது என்றார். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி, ஓடலாமா என்று.

“ஓடலாம். ரெண்டு நாள் பொறுத்து. ஆனா இந்தச் சட்டை போட்டு ஓட வேணாம்.”

வெயில் ஏறுமுன் அல்லது பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஓடு, தொளதொளத்த பருத்தித் துணி உடு, ஓடி முடிந்த கையோடு வியர்வையை நல்ல தண்ணீரில் கழுவி ஒற்றி எடு, தேய்க்காதே, சொறியாதே, எண்ணெயும் பவுடரும் அப்பாதே, சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு வா என்று சொல்லி, தொற்றாது என்பதை ஒரு துண்டில் எழுதியும் தந்தார்.

பஸ்ஸில் உம்மா அந்தத் துண்டை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்து மூடினார். என் ஓட்டம் முடிந்தது என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் அலுமாரியைத் திறந்து, வாப்பா பெருநாளைக்கு வாங்கி வைத்திருந்த புதுப் பச்சைச் சாரத்தை வெளியில் எடுத்து விரித்து, கத்தரிக்கோலை வைத்தார். வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்த வாப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“புள்ள ஓடத்தான் போறாள். நீங்க வேற சாரம் உடுத்துங்க,” என்றார் உம்மா, தலை நிமிராமலே.

நான் ஓடுவதை உம்மாவும் விரும்பினார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சந்தோசத்தில் அந்த இரவு முழுக்க முதுகு கடித்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, அந்தச் சாரத்தில் உம்மா தைத்துத் தந்த கட்டம் போட்ட பச்சைச் சட்டையோடு மைதானத்துக்குப் போனேன். டீச்சர் துண்டை வாசித்துவிட்டுச் சரி என்றார். றிஸ்னாவுக்குத்தான் சரிவரவில்லை. முழு வேகத்தில் ஓடிவருவாள், எனக்கு மூன்றடி தூரத்தில் நிற்பாள், கோலை மண்ணில் வைத்துவிட்டுப் பின்னால் போவாள். நான் குனிந்து எடுத்து ஓட வேண்டும். டீச்சர் ஏசியும் பார்த்தார். “உம்மா ஏசுவா டீச்சர்,” என்று கீழே பார்த்துக்கொண்டு நிற்பாள். குனிந்து நிமிர்வதற்குள் நீலமும் சிவப்பும் பாதித் தூரம் போய்விடும். ஒவ்வொரு பயிற்சியிலும் தோற்றோம். முடிந்ததும் தோட்டத்துக்குப் போய் மோட்டர் தண்ணீருக்குக் கீழே நின்று வியர்வையைக் கழுவுவேன். அழுவதற்கும் அது வசதியாக இருந்தது.

போட்டியன்று அஞ்சலோட்டம் கடைசி நிகழ்ச்சி. வெயில் தாழ்ந்து களப்புக் காற்று எழும்பிவிட்டது. கூடாரத்தின் முன் வரிசையில், மடியில் பேரப்பிள்ளையோடு றிஸ்னாவின் உம்மா. வேலிக்கு வெளியே வாப்பா. வெடி வைத்தார்கள், கோல் இரண்டு கை மாறி றிஸ்னாவிடம் வந்தது. றிஸ்னா மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள், இரண்டாவதாக வந்தவளை நெருங்கியும்விட்டாள். நானோ பழக்கதோசத்தில் மண்ணைப் பார்த்துக் குனியத் தொடங்கிவிட்டேன்.

“கையை நீட்டுடி!”

ஓடிவந்தபடியே றிஸ்னா கத்தினாள். நீட்டினேன். கோல் உள்ளங்கையில் ‘சட்’டென்று விழுந்தது, கோலோடு சேர்த்து அவள் விரல்களும் என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டு விட்டன. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. கால் மண்ணில் பட்டதா என்பது சந்தேகம். சிவப்பைத் தாண்டினேன், நீலத்தின் தோள் வரை போனேன், ஒரு நெஞ்சளவில் இரண்டாம் இடம். வேலிக்கு வெளியே இரண்டு பக்கத்திலும் நின்றவர்களிடம், ஓடியது தன்னுடைய பெருநாள் சாரம் என்று வாப்பா சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இல்லமே வந்து என்மேல் விழுந்தது. பத்து நாளாக ஒருத்தியும் பக்கத்தில் வரவில்லை, இப்போது இருபது பேர் கட்டிப்பிடிக்கிறார்கள், எல்லாருக்கும் முன்னால் றிஸ்னா. முதுகு எரிந்த எரிச்சலுக்கு உயிர் போனது, விடுங்கள் என்று சொல்ல மட்டும் எனக்கு மனம் வரவில்லை. அப்போது பேரப்பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமி வந்தார். மகளை இழுத்துப் போகத்தான் வருகிறார் என்று நாங்கள் இருவரும் விறைத்துப் போனோம். அவர் என் கழுத்தைப் பார்த்தார்.

“புள்ள வேர்த்து நிக்கிறாள். கழுவணும் எண்டு டொக்டர் சொன்னதாமே,” என்று சொல்லி, கையிலிருந்த போத்தலைத் திறந்து, பெண்கள் மறைப்புக்குள் கூட்டிப் போய் என் கழுத்தில் தானே தண்ணீர் ஊற்றி, முந்தானையால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தார்.

அந்த மைதானத்தில் இப்போது இரண்டு மாடிக் கட்டடம் நிற்கிறது. பிள்ளைகள் வேறெங்கோ போய் ஓடுகிறார்கள், காற்றுப் போகிற மெல்லிய சட்டைகளில். றிஸ்னா குவைத்தில். நான் ஓடுவதை விட்டு எத்தனையோ வருடம், வேர்க்குரு மட்டும் காற்று விழுந்தால் தவறாமல் வந்துவிடும். மாமி இன்னும் இருக்கிறார், கண் கொஞ்சம் மங்கல். வீதியில் என்னைக் கண்டால் சுகம் விசாரிக்க முன்னமே முக்காட்டை ஒதுக்கிக் கழுத்தைத் தடவிப் பார்ப்பார். அந்தப் பத்து நாளைப் பற்றி அவரும் நானும் இன்றுவரை ஒரு வார்த்தை கதைத்ததில்லை.