நீல அட்டைக்குள் இருந்த இளவரசி

எங்கள் ஊர்ப் பள்ளியின் நூலகப் பதிவேட்டில் ஒரு பக்கம் இப்படிச் சொல்கிறது: கப்பல் கதை, நீல அட்டை, ஐந்தாம் வகுப்பு மாணவன், வெள்ளிக்கிழமை. அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும் அதே புத்தகம், அதே பெயர். மாதம் ஜூலை. ஆண்டின் கடைசி இலக்கத்தைப் பழவேற்காடு ஏரியின் ஈரம் தின்றுவிட்டது. நானும் அப்போது ஐந்தாம் வகுப்பு என்பதால் ஆண்டு எனக்குத் தெரியும். ஆனாலும் பதிவேட்டில் இல்லாததை எழுத மனம் வரவில்லை.

நூலகத்தில் இருந்தவை யாரோ நன்கொடையாகத் தந்த கதைப்புத்தகங்கள். எல்லாம் ஒரே அளவு. கப்பல், வேட்டை, குதிரை என்றால் நீல அட்டை. இளவரசி, பூனைக்குட்டி, பூந்தோட்டம் என்றால் ரோஸ் அட்டை. நூலகத்தைப் பார்த்துக்கொண்ட டீச்சர் பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வருவார்; அன்பானவர். நீலம் பையன்களுக்கு, ரோஸ் பெண்களுக்கு என்பதில் மட்டும் அசையமாட்டார்.

ஒருநாள் மேசை துடைக்கும் சாக்கில் கப்பல் கதையில் பாதியைப் படித்துவிட்டேன். புயலில் கப்பல் சாய்ந்து, அண்ணனும் தம்பியும் பாய்மரத்தைப் பிடித்துத் தொங்கும்போது மணி அடித்துவிட்டது. அவர்கள் பிழைத்தார்களா என்று தெரியாமல் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. புத்தகத்தைக் கேட்டேன். டீச்சர் சிரித்தார்.

“நீ என்ன, கப்பலா ஓட்டப் போற? இளவரசி கதை படி கண்ணு.”

என் அம்மா தினமும் இடுப்பளவு ஏரித் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவர் என்று அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாரமே புத்தகங்களைக் கோத்திருந்த கம்பிப் பின்கள் துருப்பிடித்து அட்டைகள் கழன்றன. வலை கட்டுவதில் பேர்போன என் மாமாவை, அம்மாவின் தம்பியை, டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். மாமா வலை ஊசியும் நைலான் நூலுமாக வந்து பள்ளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார். நான் அவர் காதில் என் குறையைச் சொன்னேன். அவர் நீல அட்டையைத் தூக்கி அதிலிருந்த கப்பல் படத்தைப் பார்த்தார்.

“இன்னா பாப்பா, பாயை இப்டிக் கட்டிக்கிறான்? காத்து வந்தா கவுந்துடுமே!”

“கவுந்துடுச்சு மாமா. அப்பாலிக்கு இன்னா ஆச்சுன்னு தெரியணும்.”

“அப்போ படிச்சே ஆவணும்.”

பட்டப்பகலில், டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கப்பலை ரோஸ் அட்டைக்குள்ளும் இளவரசியை நீல அட்டைக்குள்ளும் வைத்துத் தைத்துவிட்டார்.

மாமாவுக்கு இடது கைப் பழக்கம். அவர் முடிச்சு இடப்பக்கம் சாயும். எங்கள் கரையில் முடிச்சைப் பார்த்தே யார் கட்டிய வலை என்று சொல்லிவிடுவார்கள். யாருக்கும் தெரியக்கூடாத காரியத்தில் அவர் கையெழுத்தே போட்டிருந்தார். அது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ரோஸ் அட்டை என் கைக்கு வந்தது. அண்ணனும் தம்பியும் கரை சேர்ந்தார்கள். அதே நாளில் நீல அட்டையை எதிர்வீட்டுப் பையன் எடுத்துப் போனான். அவன் வாயைத் திறந்தால் மாமாவுக்கு அவமானம். எனக்கு இனி நூலகமே கிடையாது. வாரம் முழுக்கப் பயந்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரமும் அதையே எடுத்தான், அதற்கு மறுவாரமும். பாவம், இவனுக்கு எழுத்துக்கூட்ட வராது, அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறான் என்று முடிவு செய்தேன். இரக்கப்பட்டு என் இலந்தவடையில் பாதியைக்கூட அவனுக்குக் கொடுத்தேன்.

சென்ற மாதம் பள்ளியின் பழைய காகிதங்களை எடைக்குப் போட்டபோது, பதிவேட்டையும் அந்த இரண்டு புத்தகங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவன் இப்போது ஆரம்பாக்கத்தில் வேன் ஓட்டுகிறான். போனில் கேட்டேன்.

“பதிவேட்டுல நீ மூணு வாட்டி எடுத்ததா இருக்கே, அது எந்தக் கதை?”

“கப்பல் கதைதான். அதான் எழுதிக்கிதுல்ல?”

“கப்பல்ல போனவங்க கரை சேந்தாங்களா?”



“அத்த வுடு. கடைசில இளவரசி அழுதுக்கினே கதவைத் தொறக்குமே, அந்தப் பக்கம் கிழியாம இருக்குதா?”

இருக்கிறது என்றேன்.

நீல அட்டையின் தையலில் மேலே உள்ள மூன்று முடிச்சுகள் மாமாவுடையவை. கீழே இரண்டு வலப்பக்கம் சாய்கின்றன. பிரிந்த இடத்தை யாரோ, உள்ளே இருந்த இளவரசியை மாற்றாமல், திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அது வலை கட்டத் தெரிந்த அவனுடைய அப்பாவின் கை என்று நினைக்கிறேன். அவர் இறந்துவிட்டார், ஒப்பிட்டுப் பார்க்க அவர் கட்டிய வலை ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே இது இன்னும் உறுதி செய்யப்படாத தகவல்.