மனாமா கல்லறையில் பத்துப் பேர் சேரவில்லை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஷார்ஜாவிலிருந்து பஹ்ரைன் போய்விட்டு அன்றைக்கே திரும்பினோம். ஊர் சுற்றப் போகவில்லை. என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் ரேச்சல் லண்டன்காரி, யூதப் பெண். அவளுடைய அப்பா பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு வெளியேறியவர். அவர் இறந்து ஒரு வருடம். அவர் குடும்பத்துப் பெரியவர்கள் புதைக்கப்பட்ட இடத்தில் நின்று அவருக்காகப் பிரார்த்தனை சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை.

அந்தப் பிரார்த்தனையைத் தனியாகச் சொல்வதில்லை. பத்து யூதர்கள் சேர்ந்து நிற்க வேண்டும். ரேச்சல் முற்போக்குப் பிரிவு. அவர்கள் பெண்களையும் கணக்கில் சேர்ப்பார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் நண்பர்கள் ஒன்பது பேரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

ஷார்ஜாவில் நாங்கள் இருக்கும் ரோலாவிலிருந்து விமான நிலையம் டாக்ஸியில் இருபது நிமிடம். பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி. விசாவை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள். பஹ்ரைன் ஷார்ஜா நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பரமக்குடிக்காரர் முருகேசன் காரோடு காத்திருந்தார். முழு நாளுக்கு இருபத்தைந்து தினார்.

காரில் ஏறியதும் ரேச்சலின் போனில் செய்திகள் வர ஆரம்பித்தன. காசாவில் போரை நிறுத்தச் சொல்லியும் பாலஸ்தீனர்களுக்குச் சம உரிமை கேட்டும் யூதர்கள் சிலர் விட்ட அறிக்கையில், முந்தைய வாரம் அவள் கையெழுத்திட்டிருந்தாள். நண்பர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு டியூட்டி. ஒருவர் மட்டும் உள்ளதை எழுதியிருந்தார்: "என் தம்பி இஸ்ரேல் ராணுவத்தில் இருக்கிறான். உன் பக்கத்தில் என்னால் நிற்க முடியாது."

யூதர்களின் கல்லறைத் தோட்ட வாசலுக்கு வந்தது ஒரு தம்பதி மட்டும். வெயிலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, மன்னிப்புக் கேட்டுக் கிளம்பினார்கள்.

"என்னக்கா, ஆளு வரலையா?" என்றார் முருகேசன். விஷயத்தைச் சொன்னேன்.

"நம்ம நின்னா கணக்குல சேராதாக்கா? ரூம்ல சொன்னா பசங்க ஏழெட்டுப் பேரு வந்துருவாங்க. இன்னைக்கு லீவுதான்."

ரேச்சலிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சேராது என்று சொல். நன்றியும் சொல்" என்றாள்.

உள்ளே போய்த் தாத்தாவின் தகப்பனார் கல்லறை முன் நின்றாள். கையில் இருந்த பிரார்த்தனைப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் ஆறுதலாக இருக்கட்டும் என்று, "யாருக்காகக் கையெழுத்துப் போட்டாயோ, அவர்களுக்காவது புரியும்" என்றேன்.

"அந்த அறிக்கையை ஹனானிடம் காட்டினேன்" என்றாள். ஹனான் எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை, காசாக்காரி. "படித்தாள். 'என் அக்கா செத்த பிறகு வந்திருக்கிறது' என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை."

முருகேசன் காரில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: கல்லறை பெரும்பாலும் பூட்டியே இருக்கும், பொறுப்பாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள், அன்று வேண்டாம். நிழல் கிடையாது, காலையிலேயே முடித்துவிடுங்கள். வருகிறேன் என்றவர்களை வரவைக்க வழி எதுவும் எனக்குத் தெரியாது.

அடுத்த வருடமும் போகலாமா என்று நேற்று ரேச்சலிடம் கேட்டேன்.

"யாரைக் கூப்பிடுவது?" என்றாள்.