சாமி எங்களைக் கூப்பிடவில்லை

இதை எழுத வேண்டும் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோயில் திருவிழா மலருக்கு எழுத்து கேட்டு வரும்போதெல்லாம் அடுத்த வருடம் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். படிப்புக் குறைவு, அதனால் கை வரவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனாலும் காரணம் அது இல்லை. எழுத உட்கார்ந்தால், சாமி பேரைச் சொல்லி நான் பேசிய பொய்யையும் எழுத வேண்டும். அந்தக் கூச்சம்தான் இத்தனை நாள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நானும் என் வீட்டுக்காரியும் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் கைமாறி, பால் மரங்களை வெட்டிச் செம்பனை போட்டு, நாங்கள் குடியிருந்த லயங்களையும் இடித்த பிறகு டவுனை ஒட்டிய தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், ஒரு சின்ன வீடு வாங்கி வந்தோம். நான் லோரி ஓட்டினேன். அவள் தொழிற்சாலைக்குப் போனாள். லயத்து ஜனம் பாதி அதே தாமானுக்கு வந்துவிட்டதால் எங்களுக்கு ஊர் மாறியது போலவே இல்லை. தோட்டத்து முனியாண்டி கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே பழைய மரத்தடியிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் போய் விளக்குப் போட்டு, ஒரு சுருட்டும் வைத்துக் கும்பிட்டுவிட்டு வருவோம்.

வேலையிலிருந்து நின்றதும் எனக்கு ஈப்போ பட்டணத்து ஆசை வந்தது. பெரிய ஆஸ்பத்திரி பக்கம், கடைகண்ணி பக்கம் என்று காரணம் சொன்னேன். உள்ளதைச் சொன்னால், எங்கே இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்கும்போது ‘ஈப்போவுல’ என்று சொல்லிப் பார்க்க ஆசை. இருபத்தெட்டு வருடம் ஈப்போ வழியாக லோரி ஓட்டிப் போயிருக்கிறேன். அந்தச் சுண்ணாம்பு மலை ஓரமாக வரிசை வரிசையாக வீடு கட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டே போனவன். அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

“நமக்கு எதுக்குங்க ஈப்போ? அங்க நம்மள யாருக்குத் தெரியும்?”

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகள் ஜொகூர் பக்கம் குடும்பமாகிவிட்டார்கள், அவர்களும் உங்கள் இஷ்டம் என்றார்கள். இருந்த வீட்டை விற்று, சேமநிதியையும் போட்டு, ஈப்போ ஓரத்தில் ஒரு தாமானில் வீடு வாங்கினேன். பால் காய்ச்சிய அன்று, முனியாண்டி கோயில் மண் ஒரு பிடி எடுத்துச் சிவப்புத் துணியில் முடிந்து வாசல் நிலைக்கு மேல் கட்டினேன். சாமியும் கூட வந்துவிட்டது என்று ஒரு தைரியம்.

வீட்டில் ஒரு குறையும் இல்லை. மூன்று அறை, நல்ல காற்று, பின்னால் துணி காயப்போட இடம். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பமும் எதிர்வீட்டு மலாய்க் குடும்பமும் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் கேட் தானாகத் திறக்கும், காடி உள்ளே போகும், கேட் தானாக மூடும். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக்காரி குப்பை போட வெளியே போனால் திரும்பி வர அரைமணி நேரம் ஆகும். ஈப்போவில் ஒரு நிமிடத்தில் வந்து நிற்பாள். வந்து என்னைப் பார்ப்பாள். நான் டிவியைப் பார்ப்பேன்.

நான் மட்டும் என்ன? வாரத்தில் மூன்று நாள் காடியை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட் போய்விடுவேன். முடி வெட்டப் போகிறேன் என்பேன். டயருக்குக் காற்றடிக்கப் போகிறேன் என்பேன். ஒருநாள் மறந்துபோய், வெட்டி நாலு நாள் ஆன தலையோடு மறுபடியும் முடி வெட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

“போங்க, போங்க. ஈப்போவுலதான் கத்திரிக்கோலே இல்லையே.”

கிளம்பும்போது பார்த்தால் அவளும் சேலை மாற்றிக்கொண்டு காடியில் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதாவது மாதத்தில் விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். அந்த வீடு விற்றால்தான் எங்களால் திரும்பிப் போக முடியும். வேறு வழி இல்லை, இருந்ததெல்லாம் அதில்தான் கிடந்தது. ஆனால் சுங்கை சிப்புட் போனால் ஏன் திரும்பி வருகிறீர்கள் என்று கேட்பார்களே. சாமான் ஏற்றிய அன்று தெருவே நின்று வழியனுப்பியது. அந்த முகங்களைப் பார்த்து நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கோப்பிக் கடையில் ஒருவர் கேட்டபோது, யோசிக்காமல் என் வாயிலிருந்து வந்தது, “என்ன செய்யிறது அண்ணே, முனி திரும்பக் கூப்புடுது” என்று. அவர் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. வசதியாக இருந்தது.

வீடு விற்றுக் கொடுக்க ஒரு ஏஜெண்டு அம்மாவைப் பிடித்தோம். எங்களைவிட வயதில் இளையவர், தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். வீடும் விற்பார், தீபாவளிக்குச் சேலையும் விற்பார். முதலில் ஒரு சீனத் தம்பதியைக் கூட்டி வந்தார். அந்த ஐயா எல்லா அறையும் பார்த்துவிட்டு என் மனைவியிடம் மலாயில், “ரூமா பெர்சே கா?” என்று கேட்டார். வீடு சுத்தமா என்று அர்த்தம். அவளுக்குச் சுருக்கென்றது. தினமும் இரண்டு வேளை கூட்டுகிறவள். அடுப்புக்குக் கீழே காட்டினாள், குளியலறைக் கதவுக்குப் பின்னால் காட்டினாள், கடைசியில் வெளியே கூட்டிப் போய்ச் சாக்கடை மூடியைத் தூக்கியே காட்டினாள். அவர் தலையாட்டிக்கொண்டே போய்விட்டார். ஏஜெண்டுத் தங்கச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“அக்கா, அவரு கேட்ட சுத்தம் வேற லா. பேய் பிசாசு இல்லாத வீடான்னு கேட்டாரு. நீங்க லோங்காங்கத் தொறந்து காட்டுறீங்க.”

அதற்குப் பிறகு யார் வீடு பார்க்க வந்தாலும் என் மனைவி, எந்தச் சுத்தம் கேட்கிறார்கள் என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்வாள்.

ஒரு மாதம் போயும் வீடு விற்கவில்லை. கண்ணேறுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. வாசலில் முகம் எழுதிய பூசணிக்காய் கட்டினேன். அப்படியும் ஆள் அமையவில்லை. கேட்டில் எலுமிச்சங்காயும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டேன். அடுத்த வாரம் வேப்பிலைத் தோரணம். அதற்கடுத்த வாரம் முன் தூண் இரண்டிலும் குங்குமம் தடவி, பூந்தொட்டிக்குள் சின்னச் சூலம் நட்டு அதன் முனையில் ஒரு எலுமிச்சங்காய் குத்தினேன். வீடு விற்க வேண்டும், வீடு விற்க வேண்டும் என்று தினமும் சாம்பிராணி போட்டேன். வந்தவர்கள் கேட் வரைக்கும் வந்தார்கள், மேலும் கீழும் பார்த்தார்கள், திரும்பிவிட்டார்கள். ஒரு குடும்பம் காடியை விட்டே இறங்கவில்லை. அன்றைக்கு ஏஜெண்டுத் தங்கச்சி என் முன்னால் வந்து கைகூப்பி நின்றார்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க சாமி கும்புடறதக் கொஞ்சம் கொறச்சாதான் இந்த வீடு விக்கும்.”

முதலில் கோபம் வந்தது. பிறகு கேட்டுக்கு வெளியே, தார் போட்ட சடக்கில் நின்று என் வீட்டை நானே பார்த்தேன். வாங்க வருகிறவன் கண்ணோடு பார்த்தேன். எனக்கே உள்ளே போகப் பயமாக இருந்தது.

எல்லாவற்றையும் கழற்றினேன். சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் கழற்றினேன். நிலைக்கு மேல் இருந்த மண் முடிச்சில் மட்டும் கை வைக்க மனம் வரவில்லை. அது அங்கேயே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். நம் ஆட்கள். அந்தப் பெண் தாதி, ஈப்போ ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. ஏழு மாதம் கர்ப்பம். கணவர் தைப்பிங்காரர், அதை ஒட்டிய கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை. பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மழை ஓயாத தைப்பிங்கில் துணி காய்ந்தால் அன்றைக்குத் திருவிழாதான் என்று சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தார். வீடு இருவருக்கும் பிடித்துவிட்டது என்று தெரிந்தது. என் மனைவி கோப்பி கலக்கப் போனாள். அப்போதுதான் அந்தப் பெண் வாசலில் அண்ணாந்து பார்த்தாள்.

“அங்கிள், அது என்ன செகப்பா கட்டியிருக்கு?”

கோயில் மண் என்றேன். அவள் வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டாள்.

“வீடு வாங்கி ஒரு வருசங்கூட ஆகல, விக்கிறீங்க. எங்க கொழந்த பொறக்கப் போற வீடு அங்கிள். ஏதாச்சும் இருந்தா சொல்லிருங்க. நாங்க தப்பா நெனைக்க மாட்டோம்.”

வழக்கமான பதில் என் நாக்கு நுனியில் நின்றது. முனி திரும்பக் கூப்பிடுது. சுங்கை சிப்புட்டில் அந்த வார்த்தை எவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி அந்த வாசலில் நின்று கேட்கும்போதுதான் அதன் மறுபக்கம் எனக்குத் தெரிந்தது. சாமியே ஒருவனை வெளியே கூப்பிட்டுக்கொண்ட வீட்டுக்குள் இன்னொருத்தி எந்தத் தைரியத்தில் தொட்டில் கட்டுவாள்? என் அவசர புத்தியை நான் முனியாண்டி தலையில் ஏற்றியிருந்தேன். அதை இப்போது இவள் தலையில் இறக்கப் பார்க்கிறேன். தட்டோடு வந்த என் மனைவி சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளும் காத்திருந்தாள்.

“வீட்டுல ஒண்ணும் இல்லம்மா. எங்கள யாரும் வெரட்டல, சாமியும் கூப்புடல. ஈப்போ வேணாம்னு இவ சொன்னா, நான்தான் கேக்கல. வந்த நாளா ரெண்டு பேருக்கும் மனசு பூராம் சுங்கை சிப்புட்லயே கெடக்கு. தப்பு எம்மேல.”

கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவள் காதுபட நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் தட்டை மேசையில் வைத்தாள். முகத்தை நிமிர்த்தவில்லை. அந்தப் பெண் அவளைப் பார்த்து, நிஜமா ஆன்ட்டி என்று கேட்டாள்.

“வீடு ரெண்டு சுத்தமும் சுத்தம்தாம்மா. இவருக்குத்தான் ஈப்போவுல முடி வெட்ட ஆள் கெடைக்கல. கோப்பி ஆறுது, குடிங்க.”

ஏஜெண்டுத் தங்கச்சிதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். அந்த வாரமே முன்பணம் கட்டிவிட்டார்கள்.

லோயர் கையெழுத்து, பத்திரம் என்று சில மாதம் இழுத்தது. வீடு அவர்கள் பெயருக்கு மாறிய அன்று, என் மனைவியைத்தான் பால் காய்ச்ச வேண்டும் என்று அந்தப் பெண் பிடிவாதமாக அழைத்தாள். குழந்தை அதற்குள் பிறந்துவிட்டது. ஒரே அடுப்பில் ஒன்றேகால் வருட இடைவெளியில் இரண்டு தடவை பால் பொங்க வைத்தாள் என் வீட்டுக்காரி. இந்த இரண்டாவது தடவைதான் அவள் சிரித்துக்கொண்டே பொங்க வைத்தது. நான் மண் முடிச்சை அவிழ்க்க நாற்காலி போட்டபோது, பாதியை விட்டுவிட்டுப் போங்கள் அங்கிள் என்றாள் அந்தப் பெண். பாதியைத் திரும்பக் கட்டினேன். மீதியைக் கொண்டுபோய் முனியாண்டி மரத்தடியிலேயே போட்டுக் கும்பிட்டேன்.

பழைய வீட்டுக்கு இரண்டு தெரு பின்னால் ஒரு வீடு அமைந்தது. முன்பைவிடச் சின்னது. குப்பை போடப் போனவள் இப்போது முக்கால் மணி நேரம் கழித்து வருகிறாள். நான் மாதம் ஒரு தடவைதான் முடி வெட்டுகிறேன்.

இங்கே நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் ஈப்போவில் சொன்ன உண்மையை நான் இங்கே சொல்லவில்லை. கோப்பிக் கடையில் நான் விட்ட வார்த்தை என்னை முந்திக்கொண்டு ஊரெல்லாம் போய்விட்டிருந்தது. முனி கூப்பிட்டது என்பது முனி விரட்டியது என்று ஆனது. அப்புறம் அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது, மண்ணைக் கட்டித்தான் அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஆனது. கேட்டும் கேட்காதவன் மாதிரி இருந்தேன். மூன்று வருடம் அப்படித்தான் இருந்தேன்.

போன மாதம் அந்தப் பெண் போன் செய்தாள். குழந்தைக்கு நாலு நாள் காய்ச்சல் வந்து போயிருக்கிறது. சாதாரணக் காய்ச்சல், அவள் தாதி, அவளுக்குத் தெரியாததா? ஆனால் அவள் மாமியார் காதில் எங்கள் ஊர்க் கதை விழுந்து, வீட்டை விற்றுவிட்டு வா என்று பிடித்துக்கொண்டாராம். அவள் என்னிடம் கோபப்படவில்லை. “நீங்க அன்னிக்கு எங்கிட்ட சொன்னத அவங்ககிட்டயும் சொல்லுவீங்களா அங்கிள்?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளே தைப்பிங் போய் அந்த அம்மாவின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னோம். மழை விடாமல் பெய்தது. சாக்கடை மூடியைத் தூக்கிக் காட்டியதை என் மனைவி சொன்னபோது அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். விற்கிற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. குழந்தை நலமாக ஓடியாடுகிறான்.

ஒரு வீட்டில் சொல்லியாகிவிட்டது. மற்ற வீடுகளுக்கெல்லாம் என்னால் நடக்க முடியாது, அதனால்தான் திருவிழா மலரில் எழுதுகிறேன். முனியாண்டி சத்தியமாக அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. சாமி எங்களைக் கூப்பிடவும் இல்லை, விரட்டவும் இல்லை. நான் பெண்டாட்டி பேச்சைக் கேட்காமல் போனேன், தவறு என்று தெரிந்து திரும்பி வந்தேன், அவ்வளவுதான் நடந்தது. முன்பு சொன்ன கதையை யாரிடமெல்லாம் சொன்னீர்களோ அவர்களிடமே இதையும் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், இந்தத் தடவை ஒரு வார்த்தையும் சேர்க்காதீர்கள், ஒரு வார்த்தையும் விடாதீர்கள். எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள்.