ஊர் சுற்றித் திரிந்த குகன்

குகன் போய்விட்டான். இன்று காலை, இன்டர்லாக்கனில்.

அவனுடைய தம்பிக்காரன் போன் பண்ணிச் சொன்னான். சொன்ன கையோடு மரண அறிவித்தலையும் வாசித்துக் காட்டினான்... "புலம்பெயர் மண்ணில் ஓயாது உழைத்து, துன்பமே வாழ்வாகக் கொண்டு..."

நிப்பாட்டச் சொன்னேன்.

"பின்ன என்னத்தை அண்ணை போடுறது? ஊர் சுத்தினவர் எண்டோ?"

நீங்கள் போடாவிட்டால் விடுங்கள். நான் போடுகிறேன். குகன் ஊர் சுற்றியவன். ஆசை தீரச் சுற்றியவன்.

அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது.

எண்பதுகளில் நாங்கள் இரண்டு பேரும் இன்டர்லாக்கனில் ஒரே ஹோட்டலில் கோப்பை கழுவினோம். ஒரே வயது, ஒரே அறை. இரண்டு பேரின் அகதி மனுவுக்கும் முடிவு வரவில்லை.

மத்தியான வேலை முடிந்தால் பின்னேரம் வரை இடைவேளை. அதற்கு இங்கே 'ஸிம்மர்ஷ்டுண்ட' என்று பெயர். ஸிம்மர் என்றால் அறை, ஷ்டுண்ட என்றால் மணித்தியாலம்.

நான் வந்த புதிதில், அந்த நேரம் அறைக்குள்தான் கிடக்கவேண்டும், அதுதான் சட்டம் என்று நினைத்துவிட்டேன். குளிர்காலம் முழுக்கக் கட்டிலில் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சத்தியமாக.

குகன் வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டான், "வெளியால ஏரி கிடக்கு, மலை கிடக்கு. நீர் என்ன ஐசே அடைகாக்கிறீர்?"

அடுத்த நாளே இழுத்துக்கொண்டு போனான். மஞ்சள் போஸ்ட் பஸ்ஸில் ஏறி, பெயர் தெரியாத ஊரில் இறங்குவது... கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் 'க்ரூயெஸெக்' என்று வணக்கம் சொல்வது. அவனுக்குத் தெரிந்த டொச் மொழி அவ்வளவுதான்.

ஒருநாள் புல்வெளியில் நின்ற ஒரு கிழவர் எங்களைப் பார்த்துக் கத்தினார். கையில் முள்ளுக்கரண்டி மாதிரி ஒரு நீட்டுத் தடி வேறு. நான் ஓடத் தயார்.

குகன் நேரே அவரிடம் போய்க் கைப்பாஷையில் கேட்டான். மழை கறுத்துக்கொண்டு வருகிறது, காயப்போட்ட புல்லை அள்ள ஆள் இல்லை... அவ்வளவுதான் விஷயம்.

அள்ளினோம். அவருடைய மனிசி பாணும் சீஸும் தந்தா. கிழவர் ட்ராக்டரிலேயே கொண்டுவந்து ஹோட்டல் பின்வாசலில் இறக்கினார். தலை முழுக்கப் புல்லோடு வேலைக்கு வந்த எங்களைச் செஃப் பார்த்த பார்வை இருக்கிறதே...

எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "வந்த இடத்தில அடக்கமா இருக்கோணும். கண்ணில பட்டால் பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள்" என்று அறைக்கே வந்து சொன்னார்கள்.

பிறகு குகனுக்கு நெகட்டிவ் வந்தது. மனு தள்ளுபடி, நாட்டை விட்டுப் போ என்று.

அப்பீல் போட்டு, இழுபட்டு, கடைசியில் அவனை இருக்க விட்டார்கள். ஆனால் அந்தக் கிழமை அது யாருக்கும் தெரியாது. சூரிச்சுக்குப் போய் ஒளித்திரு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும்தான்.

அவன் ஷேவ் எடுத்தான். இருந்ததில் நல்ல சேர்ட்டைப் போட்டான்.

"அனுப்பிறதெண்டால் அனுப்பட்டும். பாத்திட்டுப் போறன்."

ஏரிக் கப்பலில் ஏறினோம். மேல்தட்டில் ஜப்பானில் இருந்து வந்த ஒரு வயதான சோடி. படம் எடுத்துத் தரச் சொல்லிக் கமராவை நீட்டினார்கள்.

எடுத்துக் கொடுத்தான். அவர்கள் குனிந்து நன்றி சொன்னார்கள். இவன் கும்பிட்டான். அவர்கள் இன்னும் குனிந்தார்கள். இவனும் குனிந்தான்... யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் மூன்று பேரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த அம்மா தங்கள் சோற்று உருண்டையில் எங்களுக்கும் தந்தா. உள்ளே புளிப்பாக ஏதோ காய். "ஊறுகாய்ச் சோறு ஐசே" என்று குகன் ரசித்துச் சாப்பிட்டான்.

பாஸ்போர்ட் கிடைத்ததும் யாழ்ப்பாணம் போகாமல் ஏன் முதலில் ஜப்பானுக்குப் போனான் என்று இன்றைக்கும் கேட்கிறீர்கள்... இதுதான் பதில். அங்கேயும் வழி கேட்கப்போய், யாரோ வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தான்.

கப்பலில் அந்த மனிதர் மலையைக் காட்டிக் கேட்டார், "வெரி பியூட்டிஃபுல். யுவர் கண்ட்ரி?"

"யெஸ். மை கண்ட்ரி" என்றான் குகன்.

டிக்கெட் பார்க்கிறவர் பக்கத்திலேயே நிற்கிறார்.

"என்ன விசர்க் கதை ஐசே கதைக்கிறீர்?" என்று மெல்லக் கேட்டேன்.

"அங்க ஊரில கேட்டால் இது உங்கட நாடில்லை எண்டிறாங்கள். இஞ்சயும் இல்லை எண்டு எழுதிப்போட்டாங்கள். ஆராவது ஒருத்தர் ஓம் எண்டு சொல்லத்தானே வேணும். நானே சொல்லுறன்."

போயிட்டு வாரும், குகன்.