ஆத்தாவுக்குக் கேட்கிற தட்டு

ஹாம்பர்க்கில் நான் வழக்கமாகப் போகும் இசைக்கருவிக் கடையில், டிரம்ஸோடு அடிக்கும் தட்டுகளான சிம்பல்களுக்கென்றே தனி அறை உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம். ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. இத்தனை வருடம் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. யாராவது வந்து ‘போதும்ப்பா’ என்பார்கள் என்று கதவைப் பார்த்தபடியேதான் தட்டுகிறேன். குச்சியை எடுக்குமுன் விளிம்பை நகத்தால் சுண்டுவது என் பழக்கம். கடைக்காரர் யோர்க் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

அந்தப் பழக்கம் ஆத்தாவிடமிருந்து வந்தது. எங்கள் வீட்டில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம். அக்கா கல்யாணத்துக்குச் சாமான் எடுக்கக் காரைக்குடிப் பாத்திரக் கடைக்குப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வெண்கலப் பானை ஒவ்வொன்றையும் தூக்கிச் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டு, “இதுல கீறல் இருக்கு” என்று ஒதுக்கினாள்.

“ஆச்சி, கண்ணுக்கே ஒண்ணும் தெரியலையே, எப்படிச் சொல்றீக?” என்றார் கடைக்காரர்.

“கண்ணுக்குத் தெரியாட்டி என்ன, கேக்குதுல்ல?” என்றாள்.

சிம்பலும் வெண்கலம்தான். படிக்க வந்த ஊரில் நான் டிரம்ஸ் பக்கம் சாய்ந்ததற்கு யாரையாவது குற்றம் சொல்வதென்றால் அவளைத்தான் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டபோது, நான் அனுப்பிய பதிவுகளை உட்கார்ந்து கேட்டு, ‘அந்த இடத்துல அவசரப்பட்டுட்ட’ என்று குறை சொன்னவள் அவள் ஒருத்திதான்.

அந்தக் காதுதான் இப்போது போய்க்கொண்டிருக்கிறது. உயர்ந்த சுருதிச் சத்தங்கள் முதலில் போகுமாம். தெருவில் போகிற லாரி கேட்கிறது. அடுப்பில் குக்கர் விசில் கேட்பதில்லை. காதில் வைக்கும் மிஷினை, ஒரே இரைச்சல் என்று கழற்றிப் போட்டுவிட்டாள். போன முறை அனுப்பிய பாட்டைக் கேட்டுவிட்டு, “பாட்டு கேக்குது தம்பி, உன்னையத்தான் காணோம்” என்றாள். போனை வைத்துவிட்டு அழுதேன்.

அதனால்தான் அடுத்த ஒலிப்பதிவுக்குக் தாழ்ந்த, அடங்கிய நாதமுள்ள சிம்பல் தேடிப் போனேன். இந்த ஊரில் அதை ‘டுங்கல்’ என்பார்கள். இருட்டு என்று அர்த்தம். எந்தப் பாணி இசைக்கு என்று யோர்க் கேட்டார். அம்மாவுக்கு என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அம்மாவும் டிரம்ஸ் வாசிப்பாரா? எந்தக் குழுவில்?” விளக்க எனக்குத் தெம்பில்லை. ஆமாம், வீட்டில் வாசிப்பார் என்று சொல்லிவிட்டேன்.

கறுத்த, அகலமான, மெல்லிய தட்டு ஒன்று மனதுக்குப் பட்டது. காரைக்குடிக்கு வீடியோவில் கூப்பிட்டேன். ஆத்தாவும் பக்கத்தில் அக்காவும் தெரிந்தார்கள்.

“இருட்டுச் சத்தம் ஆத்தா, கேளு.”

“சத்தத்துல என்னடா இருட்டு வெளிச்சம்? அடி.”

அடித்தேன். அறையே அதிர்ந்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஓங்கி அடித்தேன்.

“அடிச்சிட்டியா?” என்றாள். குரல் உள்ளே போயிருந்தது.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த யோர்க்தான் விஷயத்தைச் சொன்னார். பேச்சைத் தவிர மற்றதையெல்லாம் இரைச்சல் என்று போன் வடிகட்டிவிடுமாம். அவசரமாக அதை ஆத்தாவிடம் சொன்னேன். அக்காவும், “ஆமாத்தா, எனக்கும்தான் கேக்கலை” என்றாள்.

“என் மனசு நோகக் கூடாதுன்னு ரெண்டு பேரும் சேந்துக்கிட்டுச் சொல்றீக” என்று ஆத்தா சேலைத் தலைப்பால் போனைத் துடைத்தாள். என் திரையில் அவர்கள் முகமெல்லாம் மங்கியதுதான் மிச்சம்.

அந்தத் தட்டையே வாங்கினேன். ஒலிப்பதிவில் இசையமைப்பாளருக்கு அது பிடிக்கவில்லை, சத்தம் பாட்டுக்குள் புதைகிறது என்றார். கெஞ்சி ஒரே ஒரு பாட்டில் வாசித்து, அதை அக்காவுக்கு அனுப்பி, வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் இருக்கும் பெரிய ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

மறுநாள் ஆத்தாவே கூப்பிட்டாள். “கேட்டேன் தம்பி. கணீர்னு கேட்டுச்சு. நல்ல தட்டாத்தான் பாத்து எடுத்திருக்க.” எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

அக்கா குரலைத் தணித்துக்கொண்டாள். ஆத்தாவுக்குப் பயந்து குரலைத் தணிக்க வேண்டிய காலம் எப்போதோ போய்விட்டது. இருந்தும் தணித்துக்கொண்டாள். “தம்பி, நேத்துலேருந்து இங்க கரண்டு இல்லை. உன் பாட்டை இனிமேத்தான் போடணும்.”

ஒரு கையில் போன். இன்னொரு கை, அறை மூலையில் நிற்கும் சிம்பலைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் இங்கே அதை அடிக்க முடியாது.

“ஆத்தாகிட்ட குடு” என்றேன். “உனக்குக் கேட்டதே எனக்குப் போதும் ஆத்தா!” என்று உரக்கச் சொன்னேன். பதில் வரவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன்.

“ஏன்டா கத்துற?” என்றாள் ஆத்தா. “அதான் கேக்குதுல்ல.”