பெரிய டிக்கி

தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் நின்றுகொண்டே பெங்களூர் வேலைக்குப் போய்வந்த மகன் பிரவீண், இனி அங்கேயே ரூம் எடுக்கப்போவதாகச் சொன்னான். ராத்திரி சோற்றுக்காவது அவன் வீடு திரும்பட்டும் என்று, ரிட்டயரான ஃபிட்டரான அப்பா ஏகாம்பரம் அவன் ஆசைப்பட்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் செடானை செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கொடுத்தார். விற்றவர் டிக்கியைத் திறந்து பெருமையடித்தபோது, "நமக்கு இன்னாத்துக்குங்க இவ்ளோ பெரிய டிக்கி?" என்று ஏகாம்பரம் சிரித்தார்.

மூன்றே மாதம். துணிமணி, ஃபேன், தலையணை எல்லாவற்றையும் அந்த டிக்கியில் அடைத்தான் பிரவீண்.

"டிராஃபிக்ல தினமும் ஓட்ட முடியலப்பா. ரூம் பாத்துட்டேன்."

பாழாய்ப்போன டிக்கி மூடவில்லை. அவன் இரண்டு தடவை அடித்துப் பார்த்தான். கடைசியில் ஏகாம்பரம்தான் தலையணையை உள்ளே தள்ளி, இரண்டு கையாலும் அழுத்தி மூடிக்கொடுத்தார்.