எந்தக் ‘கதவைச் சாத்தாதே’?

“எந்தக் ‘கதவைச் சாத்தாதே’ம்மா?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை தலையைச் சாய்த்துக் காதைக் கொடுக்கிறார் ரேடியோ. எதிரே நிற்பவர்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். அழுதால் என்ன, மெட்டு மறந்துவிடுமா? “ஒரு வரி முனகிக் காட்டுங்க, போதும்” என்கிறார்.

மின்மயானத்தின் அஞ்சலிக் கூடத்தை ஒட்டி, ஒரு கணினியும் ஒரு நாற்காலியும் கொள்ளும் அறை அவருடையது. இறந்தவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டு வழியனுப்புவது அங்கே ஏற்பாடு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. ‘ரேடியோ’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்.

ஒரே தலைப்பில் பல பாட்டு இருப்பது அவருக்கு ஜென்மப் பகை. “மெட்டுக்குப் பஞ்சமில்ல சார், தலைப்புக்குத்தான் பஞ்சம். வெறும் பேரை மட்டும் சொன்னா போலீஸ்கூட ஆளைப் பிடிக்க முடியாது. நான் எங்க போய்ப் பிடிக்கிறது?” என்று என்னிடம் அலுத்துக்கொண்டார்.

‘கதவைச் சாத்தாதே’ மட்டும் மூன்று. பிரிந்து போகிற காதலியிடம் ஒருவர் நிதானமாக அழுவது ஒன்று. கடை மூடுகிற நேரத்தில் குடிகாரர்கள் ஆடிக்கொண்டே கெஞ்சுவது இன்னொன்று. மழையில் நனைந்த பூனைக்குட்டிக்காகக் குழந்தைகள் பாடுவது மூன்றாவது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு தலைமையாசிரியருக்குக் காதலியைப் போடுவதற்குப் பதில் பூனைக்குட்டியைப் போட்டுவிட்டார்.

“யாரும் திட்டல சார், அதான் வேதனை. அவருக்குப் பூனைன்னா உயிர்னு அவங்களே ஒரு காரணத்தக் கண்டுபிடிச்சு அழுதாங்க. கல்யாணத்துல தப்பாப் போட்டா அடுத்த பாட்டுல சரிபண்ணிக்கலாம். இவருக்கு அடுத்த பாட்டு ஏது?”

அன்றிலிருந்து முனகிக் காட்டாமல் பாட்டு கிடையாது. முனகுகிறவரும் இறந்தவரோடு ஒரே வீட்டில் இருந்தவராக இருக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர்களைப் பாடச் சொல்வது நன்றாக இல்லை என்று மேலாளர் சொல்லிப் பார்த்தார். “பாடவா சொல்றேன்? முனகத்தானே சொல்றேன்” என்று பதில் வந்தது. மேலாளர் அதற்கப்புறம் அந்த அறைப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

நான் போயிருந்த அன்று ஒரு பேருந்து ஓட்டுநரின் மனைவியும் அண்ணனும் வந்தார்கள். “மெதுவா வருமே, அந்தப் பழைய ‘கதவைச் சாத்தாதே’. அதைப் போடுங்க” என்றார் அண்ணன்.

“நீங்க ஒரே வீட்டுலயா இருந்தீங்க?”

“நான் கூடப் பொறந்தவன்.”

“அது சரி” என்று ரேடியோ அந்த அம்மாளைப் பார்த்தார். அவர் மேசை விளிம்பில் விரலால் தட்டினார். நாலு தட்டிலேயே ரேடியோவுக்குப் புரிந்துவிட்டது, அண்ணனுக்கும் புரிந்துவிட்டது.

“அது குடிகாரப் பாட்டு. டிப்போவே திரண்டு வந்திருக்கு, மானம் போயிடும்” என்றார் அண்ணன்.

“அவர் குடிச்சதே இல்ல அண்ணே” என்று அந்த அம்மாள் ரேடியோவிடம் சொன்னார். “ஷேவ் பண்றப்போ தினமும் பாடுவாரு. ரெண்டு வரிதான் தெரியும், அதையே திரும்பத் திரும்ப. மூணாவது வரிய யாராச்சும் சொல்லிக் கொடுங்களேன்னு நானே திட்டியிருக்கேன்.”

ரேடியோவுக்கு அந்தப் பாட்டைக் கண்டாலே ஆகாது. தகர டப்பாவைத் தெருவில் இழுத்துக்கொண்டு போகிற சத்தம் என்பார். ஆனாலும் அதையே போட்டார். கூடத்தில் டிப்போக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அண்ணன் தரையைப் பார்த்தார். அந்த அம்மாள் மட்டும் நிமிர்ந்து நின்று இரண்டு வரிக்கும் உதட்டை அசைத்தார்.

மூன்றாவது வரி வந்தது. உதடு நின்றுவிட்டது. வேறு யார் வீட்டுச் சாவுக்கோ வந்துவிட்டவரைப்போல் அவர் சுற்றிலும் பார்த்தார்.

ரேடியோ பாட்டைப் பின்னால் இழுத்து முதல் வரியில் விட்டார். இரண்டு வரி முடிந்தது. மறுபடியும் இழுத்து முதல் வரியில் விட்டார்.